சர்க்கரை நோயுடன் வாழும்போது சக நோயாளிகளின் துணையைத் தேடுவது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

எனக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது என்று தெரிந்த பிறகு ஆறு ஆண்டுகள், அதே நோய் உள்ள ஒருவரிடம்கூட நான் மனம்விட்டுப் பேசியதில்லை. ஆளுக்குப் பஞ்சமில்லை. மருத்துவமனையில் பக்கத்து நாற்காலியில் இருந்தார்கள், அலுவலகத்தில் இருந்தார்கள், உறவிலேயே இருந்தார்கள். ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டு, கையில் இருந்த பரிசோதனைத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொள்வோம். ஏழாம் ஆண்டில் இன்சுலின் தொடங்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். விளக்கமாகவும் பொறுமையாகவும்தான் சொன்னார். எனக்கு வேண்டியிருந்தது வேறு. தினமும் ஊசி போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்வரும் ஒருவரை நேரில் பார்க்க வேண்டியிருந்தது. அப்படி ஒருவரைத் தேடிக் கண்டுபிடிக்க எனக்கு நான்கு மாதங்கள் ஆயின. அந்த நான்கு மாதங்களும் ஊசி குளிர்பதனப் பெட்டியிலேயே கிடந்தது.

துணை இருந்தால் நல்லது என்று எல்லோரும் சொல்கிறார்கள். எப்படிப்பட்ட துணை என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. இரண்டு ஆய்வுகளைப் பாருங்கள். 2010-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் 244 முன்னாள் ராணுவ வீரர்கள் கலந்துகொண்டார்கள். ஒரு பிரிவினரை வயதொத்த இருவர் இருவராக இணைத்து, வாரம் ஒருமுறை தொலைபேசியில் பேசிக்கொள்ளச் சொன்னார்கள். மற்றப் பிரிவினரைச் செவிலியர்கள் கவனித்துக்கொண்டார்கள். ஆறு மாதத்தில், இணையாகப் பேசியவர்களின் சராசரி ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு) 8.02 சதவீதத்திலிருந்து 7.73-ஆக இறங்கியது. செவிலியர் பிரிவில் அது 7.93-இலிருந்து 8.22-ஆக ஏறியது. என்னை யோசிக்க வைத்தது வேறொரு எண்: இணைகளில் எட்டுப் பேர் இன்சுலின் தொடங்கினார்கள், மற்றப் பிரிவில் ஒரே ஒருவர்தான் தொடங்கினார்.

அடுத்த ஆண்டே அயர்லாந்திலிருந்து இன்னோர் ஆய்வு வந்தது. 395 பேர், இரண்டு ஆண்டுகளில் ஒன்பது குழுக்கூட்டங்கள், ஒருவர் சராசரியாக வந்தது ஐந்து கூட்டங்களுக்கு. சர்க்கரைக் கட்டுப்பாட்டில் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் ஏற்படவில்லை. அவர்களில் பலருக்குத் தொடக்கத்திலேயே சர்க்கரை ஓரளவு கட்டுக்குள் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் எனக்கு ஒன்று தோன்றுகிறது. துணை என்பது சிறியதாக இருக்க வேண்டும், அடிக்கடி கிடைக்க வேண்டும், இரு பக்கமும் கொடுத்து வாங்குவதாக இருக்க வேண்டும். இது என் கணிப்புதான். கீழே வரும் படிகள் எல்லாம் இந்தக் கணிப்பின் மேல்தான் நிற்கின்றன.

முதல் படி: எது குறைகிறது என்று எழுதிப் பாருங்கள்

குழு தேடிக் கிளம்புவதற்கு முன் ஒரு வாரம் பொறுங்கள். சிறு நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்து, நோய் உங்களை எரிச்சலூட்டிய, பயமுறுத்திய, களைப்படையச் செய்த ஒவ்வொரு தருணத்தையும் ஒரு வரியில் குறித்து வையுங்கள். "பயணத்தில் ஊசியை எங்கே வைத்துப் போட்டுக்கொள்வது?" "நேற்று ஒரு வாய் கூடுதலாகச் சாப்பிட்டதற்கு வீட்டில் பேச்சு வாங்கினேன்." "பரிசோதனை முடிவைத் திறந்து பார்க்கவே மனமில்லை." "சோதனைப் பட்டைகள் மாத முடிவுக்குள் தீர்ந்துவிடுகின்றன."

வார முடிவில் இந்த வரிகள் தாமாகவே பிரிந்து நிற்கும். சில வரிகளுக்குத் தகவல் போதும், சிலவற்றுக்கு அன்றாடம் கைகொடுக்கும் ஆள் வேண்டும், சிலவற்றுக்குக் காது கொடுக்கும் ஆள் வேண்டும், சிலவற்றுக்குப் பணமோ பொருளோ வேண்டும். நான்கும் ஒரே இடத்தில் கிடைப்பது அரிது. தகவல் தேடிப் போனவர் அழுகையும் ஆறுதலுமாக இருக்கும் குழுவில் மாட்டிக்கொண்டால் மூன்றாம் நாளே வெளியேறுவார். ஆறுதல் தேடிப் போனவருக்கு, உடலில் பொருத்தி இன்சுலின் செலுத்தும் 'பம்ப்' கருவியின் வகைகள் பற்றிய வாதம் கிடைத்தாலும் அதே கதைதான்.

மனச்சுமையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். இந்த நோயைத் தினமும் சுமப்பதால் வரும் சலிப்புக்கும் அச்சத்துக்கும் குற்ற உணர்வுக்கும் மருத்துவத்தில் நீரிழிவு மனச்சுமை என்று தனியாகவே பெயர் உண்டு. அது மனச்சோர்வு நோயிலிருந்து வேறானது, இரண்டும் சேர்ந்தும் வரலாம். 1995-இல் உருவான 'பெய்ட்' என்ற வினாத்தாள் இதை அளக்கப் பயன்படுகிறது. 20 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். கூட்டித் தொகையை 1.25-ஆல் பெருக்கினால் நூற்றுக்கு எவ்வளவு என்று வரும். 40 அல்லது அதற்கு மேல் வந்தால் சுமை கடுமையானது. அடுத்த முறை போகும்போது மருத்துவரிடமோ செவிலியரிடமோ இந்த வினாத்தாளைக் கேட்டு வாங்குங்கள். "மனசு சரியில்லை" என்று சொல்லக் கூச்சப்படுபவர்களுக்கு ஒரு எண்ணை நீட்டுவது எளிது.

உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தாலோ, உடல் எடையைக் குறைக்க வேண்டுமென்றே இன்சுலினைத் தவிர்த்துக்கொண்டிருந்தாலோ, இந்தப் படிகளையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு இன்றே மருத்துவரிடம் போங்கள். அங்கே சக நோயாளியின் துணை போதாது.

இரண்டாம் படி: உங்கள் வகையையும் சிகிச்சையையும் தெரிந்துகொள்ளுங்கள்

"சர்க்கரை" என்று ஒரே சொல்லால் நாம் சொல்வதற்குள் பல நோய்கள் இருக்கின்றன. டைப் 1-இல் உடலின் எதிர்ப்பு மண்டலமே இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது. இன்சுலின் இல்லாமல் உயிர் வாழ முடியாது. டைப் 2-இல் இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை, நாளடைவில் சுரப்பும் குறைகிறது. வயது வந்த பிறகு மெல்ல வரும் 'லாடா' என்ற தன்னெதிர்ப்பு வகையை டைப் 2 என்று பல நேரங்களில் தவறாக எண்ணிவிடுகிறார்கள். மாத்திரைகள் எதிர்பார்த்ததைவிட விரைவில் பயனற்றுப் போகின்றன என்றால் மருத்துவரிடம் இதைக் கேட்பதில் தவறில்லை. கர்ப்பகால நீரிழிவு பிரசவத்தோடு போய்விட்டது என்று எண்ணிப் பலர் மறந்துவிடுகிறார்கள். பிரசவத்துக்குப் பின் 4 முதல் 12 வாரத்துக்குள் ஒருமுறையும், பிறகு 1 முதல் 3 ஆண்டுகளுக்கு ஒருமுறையும் பரிசோதிக்க வேண்டும்.

துணை தேடும்போது வகையோடு சிகிச்சையும் பொருந்தினால் நல்லது. மாத்திரை மட்டும் எடுப்பவருக்கும், நாளுக்கு நான்கு ஊசி போடுபவருக்கும் நோயின் பெயர் ஒன்றாக இருக்கலாம், நாள் வேறு. நான் முதலில் போன கூட்டத்தில் எல்லோரும் டைப் 1, எல்லோரிடமும் பம்ப். அன்பானவர்கள்தான். ஆனால் வேறு யார் வீட்டுத் திருமணத்திலோ நுழைந்துவிட்டதைப் போல இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாம் படி: எங்கே தேடுவது

மருத்துவமனையிலிருந்து தொடங்குங்கள், ஆனால் கேள்வியை மாற்றிக் கேளுங்கள். "இங்கே நோயாளிகள் குழு ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டால் "தெரியவில்லை" என்ற பதில்தான் வரும். நான் போய்வந்த ஒரு மருத்துவமனையில் மூன்று முறை அப்படித்தான் கேட்டேன், மூன்று முறையும் அந்தப் பதில்தான். நான்காம் முறை போனபோது, எப்போதும் திறந்தே கிடக்கும் ஒரு கதவை யாரோ மூடினார்கள். அதன் பின்பக்கத்தில் மாதாந்திரக் கூட்டத்தின் அறிவிப்பு ஒட்டியிருந்தது.

இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "என்னைப் போலவே இன்சுலின் தொடங்கி ஓராண்டு ஆனவர், பேசச் சம்மதிப்பவர் யாராவது உங்களிடம் வருகிறாரா? என் எண்ணை அவரிடம் கொடுங்கள். விருப்பம் இருந்தால் அவரே அழைக்கட்டும்." பிறர் விவரத்தைக் கேட்டால் அவர்கள் கொடுக்க மாட்டார்கள், கொடுக்கவும் கூடாது. உங்கள் எண்ணைக் கொடுப்பதில் யாருக்கும் சிக்கல் இல்லை. மருத்துவரைவிட, நீரிழிவுக் கல்வியாளர், உணவியலாளர், செவிலியர், பாதப் பராமரிப்புப் பிரிவில் இருப்பவர் ஆகியோரிடம் கேட்பது பலன் தரும். நோயாளிகளைப் பெயர் சொல்லி அறிந்தவர்கள் அவர்கள்தான்.

அடுத்தது வகுப்புகள். பலர் கவனிக்காத வாசல் இது. நீரிழிவுக் கல்வி வகுப்பில் பாடம் நடக்கிறது என்பது உண்மைதான். ஆனால் ஒரே சிக்கல் உள்ள பத்துப் பேரைத் தொடர்ந்து பல முறை ஒரே அறையில் உட்கார வைக்கும் ஏற்பாடும் அதுவே. ஜெர்மனியின் டுசெல்டார்ஃப் நகரில் உருவான பயிற்சியை அடியொற்றி, டைப் 1 உள்ளவர்களுக்காகப் பிரிட்டனில் வந்த 'டாஃப்னே' வகுப்பு ஐந்து நாள் நடக்கிறது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவான தன்மேலாண்மை வகுப்பு ஆறு வாரம், வாரத்துக்கு இரண்டரை மணி நேரம். அதை நடத்தும் இருவரில் ஒருவராவது இந்த நோயுடன் வாழ்பவராக இருப்பார். பல நாடுகளில் இவற்றைப் போன்ற வகுப்புகள் நடக்கின்றன. சேர்ந்தால் ஒன்று மட்டும் செய்யுங்கள்: இரண்டாம் வகுப்பு முடிவதற்குள் யாராவது ஒருவரின் எண்ணை வாங்கிவிடுங்கள். கடைசி நாள் வரை காத்திருந்தால் எல்லோரும் சான்றிதழை வாங்கிக்கொண்டு கலைந்துவிடுவார்கள்.

மூன்றாவது, தேசிய நீரிழிவுச் சங்கங்கள். இன்சுலின் முதன்முதலில் ஒரு மனிதருக்குச் செலுத்தப்பட்டது 1922 ஜனவரியில், டொராண்டோவில். அடுத்த சில ஆண்டுகளிலேயே சங்கங்கள் முளைக்கத் தொடங்கின, ஏனென்றால் மருந்து வந்துவிட்டது, அது எல்லோர் கைக்கும் எட்டவில்லை. 1926-இல் போர்ச்சுகலில், ஏழைகளுக்கும் இன்சுலின் கிடைக்க வேண்டும் என்று தொடங்கப்பட்ட சங்கம்தான் உலகின் மிகப் பழைய நீரிழிவுச் சங்கம். 1934-இல் பிரிட்டனில் சங்கத்தைத் தொடங்கிய மருத்துவர் ஆர். டி. லாரன்ஸ், எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் இருவருமே நீரிழிவு உள்ளவர்கள். 1950-இல் இந்தச் சங்கங்கள் கூடிப் பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பை உருவாக்கின. இன்று 160க்கும் மேற்பட்ட நாடுகளில் அதற்கு உறுப்புச் சங்கங்கள் இருக்கின்றன. உங்கள் நாட்டுச் சங்கத்தை அதன் உறுப்பினர் பட்டியலில் பார்த்துக்கொள்ளலாம்.

இன்சுலினைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான பிரெடெரிக் பேண்டிங்கின் பிறந்த நாளான நவம்பர் 14 உலக நீரிழிவு நாள். மற்ற நாட்களில் கதவுக்குப் பின்னால் ஒட்டிக்கிடக்கும் அறிவிப்புகள் அந்த வாரம் வெளியே வரும். மேடைப் பேச்சைக் கேட்க வேண்டியதில்லை. துண்டறிக்கை கொடுத்துக்கொண்டு நிற்கும் தன்னார்வலரிடம் போய்ப் பேசுங்கள்.

டைப் 1 உள்ள குழந்தைகளின் பெற்றோருக்கு வேறு கிளைகளும் உண்டு. 1970-இல் அமெரிக்காவில் பெற்றோர்களே தொடங்கிய அமைப்பு, 2024 முதல் 'பிரேக்த்ரூ டி1டி' என்ற பெயரில் பல நாடுகளில் இயங்குகிறது. குழந்தைகளுக்கான நீரிழிவு முகாம்கள் 1925 முதலே நடந்துவருகின்றன. தன்னைத் தவிர யாரும் ஊசி போட்டுக்கொள்வதில்லை என்று நினைத்து வளரும் குழந்தை, சாப்பாட்டு மேசையில் எல்லோரும் ஒரே நேரத்தில் விரலைக் குத்திப் பார்ப்பதைக் காண்பதற்கு ஈடாக எந்த அறிவுரையையும் சொல்ல முடியாது.

இணையக் குழுக்களைக் கடைசியில் சொல்வது அவை தாழ்ந்தவை என்பதால் இல்லை. அரிய வகை உள்ளவர்களுக்கும், வீட்டை விட்டு வெளியே போக முடியாதவர்களுக்கும் அவைதான் முதல் வாசல். 2013-இல், மகனின் சர்க்கரை அளவைத் தொலைவிலிருந்து பார்க்க விரும்பிய ஒரு தந்தை தானே எழுதிய நிரலிலிருந்துதான் 'நைட்ஸ்கவுட்' என்ற மென்பொருள் பிறந்தது. அதை வளர்த்தெடுத்துப் பிறருக்கும் இலவசமாகக் கொடுத்தவர்கள் இணையத்தில் சந்தித்துக்கொண்ட பெற்றோரும் நோயாளிகளும்தான். ஆனால் இணையக் குழுவில் வடிகட்டும் வேலை உங்களுடையது.

நான்காம் படி: குழுவைச் சோதித்துப் பாருங்கள்

இரண்டு வாரம் பேசாமல் கவனியுங்கள். நேரடிக் கூட்டமென்றால் மூன்று முறை போய்ப் பாருங்கள். முதல் முறை எல்லாக் குழுவும் அந்நியமாகத்தான் இருக்கும், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

யாராவது "இந்த வாரம் தவறிவிட்டேன்" என்று சொல்லும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். எனக்கு இந்த ஒரு சோதனையே போதும். அடுத்து என்ன செய்யலாம் என்று பேச்சு நகர்ந்தால் நல்ல குழு. உபதேசம் கிளம்பினால், அடுத்த வாரம் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். நல்ல எண்களை மட்டும் காட்டும் கண்காட்சியாகிவிடும்.

"குணமாகிவிட்டது" என்ற சொல் எப்படிப் புழங்குகிறது என்பதையும் கேளுங்கள். டைப் 2-இல் நோய் தணிந்த நிலை என்று ஒன்று உண்மையிலேயே உண்டு. மருந்துகளை நிறுத்தி மூன்று மாதமாவது ஆன பிறகும் ஹெச்பிஏ1சி 6.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அப்படிச் சொல்லலாம் என்று 2021-இல் வல்லுநர்கள் ஒரு வரையறை வகுத்தார்கள். தணிந்தது திரும்பி வரலாம், ஆகவே பரிசோதனைகள் தொடர வேண்டும். இதை இப்படியே சொல்லும் குழு நேர்மையானது. அதே மூச்சில் ஒரு பொடியையோ பானத்தையோ பயிற்சித் தொகுப்பையோ விற்றால் வெளியேறுங்கள். டைப் 1 உள்ளவரை இன்சுலினை நிறுத்தச் சொல்லும் குழுவில் ஒரு நாள்கூட இருக்காதீர்கள். இன்சுலின் இல்லாவிட்டால் ரத்தத்தில் கீட்டோன் அமிலங்கள் பெருகும். வாந்தி, வயிற்றுவலி, வேகமான ஆழ்ந்த மூச்சு என்று தொடங்கி மிக விரைவில் உயிருக்கே ஆபத்தாக முடியும். அந்த அறிகுறிகள் தெரியும்போது குழுவில் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கவும் கூடாது, அவசரச் சிகிச்சைக்குப் போக வேண்டும்.

மருந்தளவு பற்றி ஒரே விதிதான். அடுத்தவர் எத்தனை யூனிட் போடுகிறார் என்று தெரிந்துகொள்வதில் தவறில்லை, அதை நீங்கள் போட்டுக்கொள்ளக் கூடாது.

பன்னாட்டுக் குழுக்களில் எண்களே சிக்க வைக்கும். சில நாடுகளில் சர்க்கரையை மில்லிகிராம்/டெசிலிட்டர் (மி.கி./டெ.லி.) கணக்கில் சொல்கிறார்கள், சில நாடுகளில் மில்லிமோல்/லிட்டர் கணக்கில் சொல்கிறார்கள். இரண்டாவதை 18-ஆல் பெருக்கினால் முதலாவது கிடைக்கும். 7 என்றால் 126. ஹெச்பிஏ1சிக்கும் இரண்டு அளவைகள் உண்டு: 48 மில்லிமோல்/மோல் என்பது 6.5 சதவீதம். ஒருவர் "எனக்கு 48" என்று எழுதினால், அது மூன்று மாதச் சராசரி பற்றிய நிம்மதியாகவும் இருக்கலாம், உடனே சர்க்கரை கொடுக்க வேண்டிய ஆபத்தான தாழ்நிலையாகவும் இருக்கலாம். எந்த அளவை என்று கேட்காமல் வாழ்த்தும் சொல்லாதீர்கள், பதறவும் செய்யாதீர்கள்.

பரிசோதனைத் தாளைப் படமெடுத்து அனுப்பும் முன் பெயர், வயது, பதிவு எண் ஆகியவற்றை மறைத்துவிடுங்கள். குழுவில் உங்கள் மேலதிகாரியின் உறவினர் இருக்கலாம்.

ஐந்தாம் படி: குழுவிலிருந்து ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள்

இந்தப் படிக்கு வருவதற்காகத்தான் மற்றவை எல்லாம். குழு என்பது சந்தை. துணை என்பது அங்கிருந்து நீங்கள் வீட்டுக்கு அழைத்து வரும் ஒருவர்.

யாரைத் தேர்ந்தெடுப்பது? குழுவிலேயே மிகச் சிறந்த எண்கள் உள்ளவரை நோக்கித்தான் மனம் ஓடும். வேண்டாம். 2012-இல் வெளியான இன்னோர் அமெரிக்க ஆய்வில், முன்பு கட்டுப்பாடு தவறிப் பிறகு மீண்டவர்களை வழிகாட்டிகளாக அமர்த்தினார்கள். அவர்களோடு பேசியவர்களின் சராசரி ஹெச்பிஏ1சி ஆறு மாதத்தில் 9.8-இலிருந்து 8.7-ஆக இறங்கியது, வழக்கமான சிகிச்சையில் மட்டும் இருந்தவர்களிடம் ஏறக்குறைய மாற்றமே இல்லை. விழுந்து எழுந்தவருக்குத்தான் எந்த இடத்தில் வழுக்கும் என்று தெரியும். ஏறக்குறைய உங்கள் வயது, உங்கள் சிகிச்சை முறை, உங்களுடையதைப் போன்ற வேலை நேரம் இருந்தால் இன்னும் நல்லது.

கேட்பதற்கு வெட்கமாகத்தான் இருக்கும். நான் அனுப்பிய செய்தி கிட்டத்தட்ட இது: "வணக்கம். கூட்டத்தில் இரவு நேரத் தாழ்சர்க்கரை பற்றி நீங்கள் சொன்னது எனக்கும் நடக்கிறது. ஒரு மாதம் மட்டும், வாரம் ஒருநாள் இருபது நிமிடம் பேசிக்கொள்ளலாமா? சரிப்படாவிட்டால் இருவரும் வருத்தமில்லாமல் விட்டுவிடலாம்." காலக்கெடு வைத்ததுதான் அந்தச் செய்தியின் பலம். முடிவில்லாத பொறுப்பை யாரும் ஏற்க மாட்டார்கள், ஒரு மாதத்தை ஏற்பார்கள். நாங்கள் இப்போது ஐந்தாம் ஆண்டில் இருக்கிறோம்.

பேச்சுக்கு ஓர் ஒழுங்கு வேண்டும், இல்லாவிட்டால் நான்காம் வாரத்தில் "அப்புறம், எப்படி இருக்கிறீர்கள்?" என்று தேய்ந்துவிடும். நாளையும் நேரத்தையும் நிலையாக வைத்துக்கொள்ளுங்கள். பாதி நேரம் ஒருவருக்கு, பாதி நேரம் மற்றவருக்கு. கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பிரித்தாலும் பரவாயில்லை. போன வாரம் சொன்ன காரியம் என்ன ஆயிற்று, இந்த வாரம் எது கடினமாக இருந்தது, அடுத்த வாரத்துக்கு ஒரே ஒரு சிறு காரியம் எது என்று மூன்று கேள்விகளும் போதும். "சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவேன்" என்பதைக் காரியம் என்று ஒப்புக்கொள்ளாதீர்கள். "செவ்வாயும் வெள்ளியும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பதினைந்து நிமிடம் நடப்பேன்" என்றால் அது காரியம். செய்யவில்லை என்றால் காரணத்தைத் தோண்டாமல் காரியத்தைப் பாதியாக்குங்கள்.

எதிர்முனையில் இருப்பவர் சொல்லும்போது தீர்வு சொல்லத் துடிக்கும் நாக்கை அடக்குவதுதான் மிகக் கடினம். "இதற்கு யோசனை வேண்டுமா, கேட்டால் மட்டும் போதுமா?" என்று முதலிலேயே கேட்டுவிடும் பழக்கத்தை அவர்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தார். பாதிக்கு மேற்பட்ட நேரங்களில் எங்கள் இருவருக்குமே கேட்டால் மட்டும் போதுமானதாக இருந்திருக்கிறது.

நீங்கள் வாங்குபவராக மட்டும் இருக்கக் கூடாது. நேற்றுத்தான் நோய் தெரியவந்தது என்றாலும் கொடுக்க ஏதாவது இருக்கும், குறைந்தது கேள்விகளாவது இருக்கும். அடுத்தவருக்கு மாத்திரையை நினைவூட்டும் வாரத்தில் நம் மாத்திரையை மறக்க நமக்கே கூச்சமாக இருக்கும்.

ஆறாம் படி: மருந்து, கருவி, பண உதவி

இந்த வகை உதவிகள் நாட்டுக்கு நாடு வேறு. ஆனால் எந்த விண்ணப்பம் எந்த மேசையில் நகரும் என்பது பெரும்பாலும் ஏற்கெனவே அலைந்து பெற்றவருக்குத்தான் தெரியும். எனவே குழுவில் "உதவி கிடைக்குமா?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். "கடந்த ஓராண்டில் சோதனைப் பட்டைக்கு உதவி பெற்றவர் யார், என்னென்ன தாள்கள் கேட்டார்கள்?" என்று கேளுங்கள். மருத்துவமனையில் சமூகப் பணியாளர் இருந்தால் அவரையும் பாருங்கள். மருந்து நிறுவனங்கள் சில நடத்தும் உதவித் திட்டங்கள் பற்றி மருந்தாளுநருக்குத் தெரிந்திருக்கும். வசதி குறைந்த நாடுகளில் வாழும் டைப் 1 குழந்தைகளுக்கும் இளைஞர்களுக்கும் 'லைஃப் ஃபார் எ சைல்ட்' என்ற திட்டம் 2000 முதல் இன்சுலினும் கருவிகளும் கொடுத்துவருகிறது. அது உள்ளூர் நீரிழிவு மையங்கள் வழியாகவே இயங்குகிறது என்பதால் மருத்துவர் மூலமே அணுக வேண்டும்.

குழுவுக்குள் பொருள்களைப் பகிர்ந்துகொள்வது நல்ல மனத்தோடுதான் நடக்கிறது. ஆனாலும் ஒருவர் பயன்படுத்திய இன்சுலின் பேனாவை, ஊசி முனையைப் புதிதாக மாற்றினாலும், இன்னொருவர் பயன்படுத்தக் கூடாது. பேனாவுக்குள் ரத்தம் ஏறியிருக்கலாம், தொற்று பரவும். விரல் குத்தும் கருவிக்கும் இதே விதி. பிரிக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில், உறையாமல் வைத்திருக்க வேண்டும். அப்படித்தான் வைத்திருந்தார்களா என்பது கைமாறி வரும் புட்டியைப் பார்த்துத் தெரியாது. இருப்பு தீரப்போகிறது என்றால் கடைசி நாளுக்காகக் காத்திராமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஏழாம் படி: வீட்டில் இருப்பவர்களுக்கும் ஓர் இடம்

வீட்டில் இருப்பவர்கள் பயத்தில்தான் காவல்காரர்களாக மாறுகிறார்கள். அவர்களுக்கும் அவர்களைப் போன்றவர்களோடு பேச ஓர் இடம் வேண்டும். குடும்பத்தினரை அழைக்கும் கூட்டம் ஆண்டுக்கு ஒன்றிரண்டு வைக்கும் குழுவானால் நல்லது.

தாழ்சர்க்கரையை அவர்களுக்குக் கட்டாயம் சொல்லிக்கொடுங்கள். 70 மி.கி./டெ.லி.க்குக் கீழே போனால், சுமார் 15 கிராம் அளவுக்கு விரைவில் கரையும் சர்க்கரையோ குளுக்கோஸோ கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஏறவில்லை என்றால் மறுபடியும் கொடுக்க வேண்டும். நினைவு தப்பியவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது. சர்க்கரையை விரைவில் ஏற்றும் குளுககான் மருந்து இருந்தால் கொடுத்துவிட்டு உடனே அவசர உதவியை அழைக்க வேண்டும். இது தெரிந்த வீட்டில் பயம் பாதியாகக் குறைவதைப் பார்த்திருக்கிறேன்.

எட்டாம் படி: குழு இல்லையென்றால் நீங்களே தொடங்குங்கள்

மூன்று பேர் போதும். ஐம்பது பேர் சேரட்டும் என்று காத்திருந்த முயற்சிகள் அறிவிப்போடு நின்றுபோனதைத்தான் பார்த்திருக்கிறேன். மருத்துவமனையின் காத்திருப்பு அறையோ நூலகத்தின் ஓரமோ இருந்தால் இடம் தயார். மாதம் இருமுறை, ஒரே நாள், ஒரே நேரம், ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம்.

முதல் கூட்டத்தில் விதிகளைப் பேசி முடித்துவிடுங்கள். இங்கே கேட்டது வெளியே போகாது. யாரும் யாருக்கும் மருந்தளவு சொல்வதில்லை. யாரும் எதையும் விற்பதில்லை. எண்ணைச் சொல்வது அவரவர் விருப்பம். எல்லோரும் தலையசைக்கும்போது விதிகள் தேவையற்றவை போலத் தோன்றும். ஆறாம் கூட்டத்தில் ஒருவர் பையிலிருந்து புட்டியை எடுத்து மேசையில் வைக்கும்போது அருமை தெரியும்.

மூன்று நான்கு கூட்டங்களுக்கு ஒருமுறை மருத்துவரையோ நீரிழிவுக் கல்வியாளரையோ அழையுங்கள். பேச்சாளராக இல்லாமல், அதுவரை சேர்ந்த கேள்விகளுக்குப் பதில் சொல்பவராக அழைப்பது நல்லது. உரை நிகழ்த்த விட்டால் ஒரு மணி நேரமும் அதிலேயே போய்விடும். நடத்தும் பொறுப்பைச் சுழற்சியில் விடுங்கள், ஒருவரே சுமந்தால் அவர் களைத்த அன்று குழு படுத்துவிடும். கூட்டங்களுக்கு நடுவில் உறுப்பினர்கள் இருவர் இருவராகப் பேசிக்கொள்ள ஏற்பாடு செய்யுங்கள். மாதம் இருமுறை கூடுவது மட்டும் போதாது.

சர்க்கரை ஏறியவர்தான் முதலில் வராமல் போவார். எனவே ஒவ்வொரு கூட்டம் முடியும்போதும், வராதவரை மறுநாள் அழைக்கப்போவது யார் என்று பெயர் சொல்லி முடிவுசெய்துவிடுங்கள். அழைப்பவர் சர்க்கரையைப் பற்றியும் கேட்க வேண்டாம், ஏன் வரவில்லை என்றும் கேட்க வேண்டாம். நலம் விசாரித்துவிட்டு, அடுத்த கூட்டத்தின் நாளையும் நேரத்தையும் சொன்னால் போதும்.